கவுச்சிக்கு யார் பொறுப்பு?

ராமேஸ்வரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் மகன் வீட்டுக்குப் போயிருந்தாராம். கானாங்கெளுத்தி வறுவலோடு மெர்லோ என்ற சிவப்பு ஒயினையும் மகன் ஊற்றிக் கொடுத்திருக்கிறான். “செவுளைப் பிரித்துப் பார்த்து நானே வாங்கிய மீன். தனியாகத் தின்றபோது அருமை. ஒரு மிடறு குடித்ததும் வாயெல்லாம் பழைய கருவாட்டு வாடை. மருமகள் மீனைக் குறை சொல்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

ராமேஸ்வரத்துக்காரரை மீனில் ஏமாற்ற முடியாது. ஒயினில் கரைந்திருந்த இரும்பு செய்த வேலை இது.

‘மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு’ என்று ஒயின்காரர்கள் சொல்வதை வெறும் பந்தா என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். மெர்லோவின் தாயகம் பிரான்சின் போர்தோ. அங்கே ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு, வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கென்று வைத்திருக்கும் வார்த்தைகளாலேயே அதை வர்ணித்துத் தள்ளினார்கள் மாணவர்கள். 2001இல் இந்த ஆய்வு வெளியான பிறகு, லேபிளில் பிளம் வாசனை, சாக்லேட் வாசனை என்று போட்டிருந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

ஆனால் மீன் விஷயத்தில் ஒயின்காரர்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பலவகை ஒயின்களைச் சிப்பிச் சதையோடு சுவைத்து, கவுச்சிக்கு மதிப்பெண் போட்டார்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் கவுச்சி தூக்கலாகத் தெரிந்தது. இரும்பைப் பிணைத்துக்கொள்ளும் பொருளைச் சேர்த்ததும் அடங்கிவிட்டது. நிறத்தின் மேல் தப்பில்லை, சிவப்பில் இரும்பு கூடுதலாக இருப்பது வழக்கம், அவ்வளவுதான்.

2 மில்லிகிராம் என்பது ஒரு 500 மில்லிகிராம் காய்ச்சல் மாத்திரையில் 250இல் ஒரு பங்கு. அது எப்படி ஒரு தட்டு மீனைக் கெடுக்கும்? மீன் கொழுப்பு ஆக்சிஜனுக்குச் சட்டென்று மசிந்துவிடும். ஆனால் உடனே நாறாது, பெராக்சைடாக மாறி வாடையே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். அது உடைந்து சிறு சிறு துண்டுகளானால்தான் மூக்குவரை எழும்பி வரும். உடைத்துவிடுவது இரும்பு.

விடிகாலையில் பாம்பன் கரையில் மீன் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். குவியல் குவியலாக மீன் சும்மா கிடக்கும். ஏலம் விடுகிறவர் வந்து குரல் கொடுத்தால் போதும், ஒரு குவியல் நாலைந்து கூடைகளாகப் பிரிந்து ஊருக்குள் போய்விடும். அவர் ஒரு மீனையும் வாங்குவதில்லை, தேய்ந்துபோவதும் இல்லை. அடுத்த குவியலுக்கு நகர்ந்துவிடுவார். இரும்பும் ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து ஒரு பெராக்சைடை உடைக்கும், கொடுத்ததை வேறிடத்தில் வசூலித்துக்கொண்டு அடுத்ததை உடைக்கப் போகும். அதனால்தான் இத்துனூண்டு போதும். இப்படிக் கிளம்பும் துண்டுகளில் ஒன்றுக்கு ஹெப்டாடையீனால் என்று பெயர். துளியிருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். ஏலக்காரருக்குக் கமிஷன் உண்டே, இரும்புக்கு என்ன என்று கேட்காதீர்கள். அந்த இடத்தில் என் படகு தரைதட்டுகிறது.

சரித்திரம் கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. வைகை கடலைச் சேரும் இடத்துக்கு அருகே உள்ள அழகன்குளத்தில், 1986 முதல் பலமுறை நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும் ஆம்போரா ஜாடித் துண்டுகளும் கிடைத்தன. யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பொற்கிண்ணத்தில் அருந்துவதாகப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாடுகிறார். கிண்ணத்திலிருந்தாவது இரும்பு சேர்ந்திருக்காது. மெர்லோ என்ற பெயர் ஏட்டில் ஏறியது 18ஆம் நூற்றாண்டில்தான்.

வாசகருக்கு வருவோம். வறுவல் மேல் எலுமிச்சை பிழிந்தால் ஓரளவு உதவும், அதன் சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மெர்லோதான் வேண்டும் என்றால் ஆட்டுக்கறிச் சுக்கா பத்திரம், ஆட்டுக் கொழுப்பு ஆக்சிஜனுக்கு அவ்வளவு லேசில் மசியாது. இரும்பு குறைந்த மெர்லோ கிடைத்தால் கானாங்கெளுத்தியோடும் ஒத்துப்போகும். ஆனால் எந்த லேபிளிலும் அந்தக் கணக்கைப் போட மாட்டார்கள், சாக்லேட்டைத்தான் போடுவார்கள்.

ஒயினே வேண்டாம், மீனோடு மோர் குடிக்கிறேன் என்று சொல்லிவிடாதீர்கள். உடம்பில் வெள்ளை விழும் என்று மருமகள் பயமுறுத்துவார். அந்தப் பயத்துக்கு ஒரு மில்லிகிராம் ஆதாரமும் கிடையாது.