திரை கறுத்தால் கணனி பழுதா?

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்தது. பழைய கணனிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பது இரண்டாம் கைக் கணனிகளிலாக இருக்கலாம். அவற்றை வீசத் தேவையில்லை. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவசப் பணிசெயல் முறைமைகளுக்கு மாற்றிப் பாவிக்கலாம்.

மாற்றியதும் சிலவேளை திரை கறுத்துவிடும். உடனே புது மொனிற்றர் வாங்க ஓடாதீர்கள். திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்றுச் சேர்த்த காசு வீணாகலாம். இயந்திரம் ஓடியும் தண்ணீர் வராவிட்டால் நாம் முதலில் புட்வால்வைத்தானே பார்ப்போம்? இங்கும் ஒழுங்கு முறையாகப் பார்ப்போம்.

முதலாவது, கணனியை இயக்கியவுடன் தயாரிப்பாளரின் பெயர் திரையில் தோன்றுகிறதா? தோன்றினால் மொனிற்றரும் வடமும் பெரும்பாலும் நலமே. புதிய முறைமைக்குக் கிராபிக்ஸ் காட்டுடன் பேசத் தெரியவில்லை என்பதே குறையாக இருக்கலாம்.

இரண்டாவது, எதுவுமே தோன்றாவிட்டால் வடத்தைக் கழற்றி இறுக்கிப் பொருத்துங்கள். தனிக் கிராபிக்ஸ் காட் உள்ள கணனியில் வடம் தாய்ப்பலகையின் துளையில் அல்ல, காட்டின் துளையில் இருக்கவேண்டும்.

மூன்றாவது, லினக்ஸ் உள்ள பென் ட்றைவிலிருந்து இயக்கும்போது வரும் தொடக்கப் பட்டியலில் உபுண்டு எனின் 'சேஃப் கிராபிக்ஸ்', மின்ட் எனின் 'கொம்பற்றபிளிற்றி மோட்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். திரை தெரியும், எழுத்துகள் பெரிதாகவோ மங்கலாகவோ இருக்கலாம். இது தற்காலிக வழி மட்டுமே.

நான்காவது, காட்டுக்குரிய செலுத்தியை, அதாவது ட்றைவரை, நிறுவுங்கள். என்விடியா காட்டுகளுக்கே இது அதிகம் தேவைப்படும். மின்டில் 'ட்றைவர் மனேஜர்', உபுண்டுவில் 'அடிஷனல் ட்றைவர்ஸ்' என்ற இடத்தில், பரிந்துரைக்கப்பட்டதைத் தெரிந்து நிறுவிக் கணனியை மீள இயக்குங்கள். இதற்கு இணையம் தேவை. கைத்தொலைபேசியை யூ.எஸ்.பி. வடத்தால் இணைத்தும் பெறலாம். இன்டெல், ஏ.எம்.டி. காட்டுகளுக்கான செலுத்திகள் பொதுவாக லினக்ஸுடனேயே வரும்.

மாற்றுவதற்கு முன்னர் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். பிள்ளைகளின் பாடக் கோவைகளை வேறிடத்தில் பிரதி எடுங்கள். விண்டோஸின் 'டிவைஸ் மனேஜர்' பகுதியில் காட்டின் பெயரைப் பார்த்துக் கொப்பியில் எழுதி வையுங்கள். லினக்ஸை நிறுவாமல் பென் ட்றைவிலிருந்து ஒருமுறை இயக்கிப் பாருங்கள். அங்கே திரை சரியாகத் தெரிந்தால் துணிந்து நிறுவலாம். தெரியாவிட்டால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும், நட்டம் ஏதுமில்லை.