நிற்காத சக்கரத்திடம் கேட்க வேண்டியது

ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் எமில் எர்னெஃபெல்ட் தமது முதுநிலை ஆய்வுக்காக உருவாக்கிய 'ஃபன்' மென்பொருள் 2008-இல் வெளிவந்தது. இன்று அது 'அல்கோடூ' என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. திரையில் வட்டம் வரைந்தால் இயற்பியல் விதிப்படி விழும், உருளும். உத்தரமேரூர் மாணவர்கள் சிலர் இதில் பொழுதுபோக்காகச் செய்தவற்றை என்னிடம் காட்டுவதுண்டு.

அடிக்கடி வருவது நிற்காமல் சுழலும் சக்கரம். பழைய ஆசைதான்; பாஸ்கராச்சாரியார் 1150-இல் இயற்றிய 'சித்தாந்த சிரோமணி'யிலேயே பாதரசம் நிரப்பிய, தானே சுழலும் சக்கரம் உண்டு. 'அருமை' என்று தட்டிக்கொடுத்தால் பிழை நிலைத்துவிடும். 'ஆற்றல் அழிவின்மை விதிக்கு முரண்' என்று தள்ளினால் பையன் மறுநாள் வரமாட்டான். உராய்வுக்கு என்ன மதிப்பு கொடுத்திருக்கிறாய் என்று கேட்பேன். பெரும்பாலும் பூஜ்ஜியம். சற்றே கூட்டினால் சக்கரம் அவன் கண்ணெதிரே தளர்ந்து நிற்கும். அப்போதும் நிற்காவிட்டால் கணக்கீட்டைச் சந்தேகிக்க வேண்டும்: கணினி நேரத்தைச் சிறு துண்டுகளாக்கித் தோராயமாகக் கணிக்கிறது, அந்தத் தோராயம் இல்லாத ஆற்றலைச் சேர்த்துவிடக்கூடும். துண்டுகளை இன்னும் சிறிதாக்கினால் குட்டு வெளிப்படும். ('பிற காரணிகள் மாறாதிருக்க' என்று தொடங்கும் பொருளியல் மாதிரிகளையும் இப்படித்தான் குடைய வேண்டும்.)

ஏரி வாரியத்தைச் சோழர் காலத்திலேயே கல்லில் பொறித்த ஊரல்லவா? ஒரு மாணவி ஏரி மதகு செய்திருந்தாள். இம்மென்பொருளில் நீர் என்பது துகள்களின் கூட்டம். துளை குறுகினால் ஓட்டம் உண்மையிலிருந்து விலகும். மெய்யான மதகோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். ஏரி நிரம்பட்டும் என்று காத்திருக்கிறாள்.