கப்பா, தராசா?

வீட்டில் கேக் செய்யத் தொடங்குகிறவர்கள் முதலில் தேடுவது எலெக்ட்ரிக் பீட்டரை. நேயர்களே, அதற்கு முன்னால் ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கிவிடுங்கள்.

காரணம் மைதா. கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டு நிரப்பினால் ஒரு கப் ஏறக்குறைய 120 கிராம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் அது 150 கிராமையும் தொடும். கேக் வறண்டுபோக இந்த வித்தியாசம் தாராளம். போதாக்குறைக்கு அளவுகளும் நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, மெட்ரிக் கப் 250. ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டி 20 மில்லி. வேறு பல நாடுகளில் 15தான்.

கப்பை நிரப்பி, மேலே கத்தியால் வழித்துச் சமன்செய்யும் முறையைப் பரப்பியவர் அமெரிக்கரான ஃபேனி ஃபார்மர். அவருடைய சமையல் புத்தகம் 1896இல் வெளிவந்தது. நல்ல முறைதான். ஆனால் தராசு அதைவிட நல்லது. பாத்திரத்தை வைத்து 'டேர்' பொத்தானை அழுத்தினால் பூஜ்யம் காட்டும். மைதாவைப் போட்டு, மறுபடி அழுத்தி, சர்க்கரையைப் போடலாம். கப்புகளைக் கழுவும் வேலையும் மிச்சம்!

அடுத்து, ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி. குமிழை 180இல் வைத்தாலும் உள்ளே அதே சூடு இருக்கும் என்று நம்பிவிட முடியாது. கம்பித் தட்டின் நடுவில் வெப்பமானியை வைத்து, முள் 180ஐத் தொட்ட பிறகு மாவை உள்ளே வையுங்கள்.

பீட்டரா? மெதுவாக வாங்கலாம். சாதாரண கேக்குக்குக் கம்பி விஸ்க் போதும்.