இரண்டு ஊர், ஒரு நகராட்சி

நம் பகுதியில் இரண்டு கோந்த்வா உண்டு. ஒன்று கோந்த்வா புத்ருக். மற்றொன்று கோந்த்வா குர்த். புத்ருக் என்றால் பெரியது. குர்த் என்றால் சிறியது. முன்பு இவை கிராமங்களாக இருந்தன. 1997ஆம் ஆண்டு புனே மாநகராட்சி தன்னைச் சுற்றியிருந்த 38 கிராமங்களைச் சேர்த்துக்கொண்டது. அப்போது கோந்த்வாவும் நகரத்தோடு சேர்ந்தது.

ஊர்கள் இன்னொரு வகையிலும் சேரலாம். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்து தமக்கென ஒரு நகராட்சி ஆகலாம். நமக்குக் கிழக்கே அப்படி ஒன்று நடந்தது.

ஃபுர்சுங்கி, உருளி தேவாச்சி என்று இரண்டு ஊர்கள். புனே நகரத்துக் குப்பையைப் பல ஆண்டுகள் அங்கேதான் கொட்டினார்கள். நாற்றத்தாலும், கெட்டுப்போன தண்ணீராலும் மக்கள் துன்பப்பட்டார்கள். பலமுறை போராடினார்கள்.

2017ஆம் ஆண்டு 11 கிராமங்கள் புனே மாநகராட்சியில் சேர்ந்தன. இந்த இரண்டு ஊர்களும் அவற்றில் அடக்கம். சேர்ந்த பிறகு என்ன ஆயிற்று? வீட்டு வரி மிகவும் கூடிவிட்டது, வசதிகளோ போதவில்லை என்று மக்கள் குறை சொன்னார்கள். முடிவில், 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அரசு இரண்டு ஊர்களையும் மாநகராட்சியிலிருந்து பிரித்தது. இரண்டையும் சேர்த்து ஒரே நகராட்சி ஆக்கியது. மராத்தியில் இதை நகர் பரிஷத் என்பார்கள்.

கிராமம் நகராட்சி ஆனால் என்ன மாறும்?

கிராமத்தில் கிராம சபை உண்டு. வாக்காளர் எவரும் அதில் எழுந்து கேள்வி கேட்கலாம். நகராட்சியில் கிராம சபை கிடையாது. ஊரை வார்டுகளாகப் பிரிப்பார்கள். வார்டு உறுப்பினர்தான் நமக்காகப் பேச வேண்டும். மகாராஷ்டிரத்தில் உறுப்பினர் இடங்களில் பாதி பெண்களுக்கு.

சர்பஞ்ச் பதவி போய்விடும். நகராட்சித் தலைவர் வருவார். வரி மாறும். வீடு கட்ட அனுமதி வாங்கும் இடமும் மாறும். கிராமப்புற வேலை உறுதித் திட்டம் கிராமங்களுக்கு மட்டுமே. கூலி வேலை செய்யும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நன்மை என்ன? தெரு விளக்கு, குப்பை அள்ளுதல், சாக்கடை போன்ற வேலைகளுக்குத் தனி அலுவலகமும் ஆட்களும் இருப்பார்கள். மாநகராட்சி பெரியது. அங்கே சிறிய ஊரின் குரல் எளிதில் கேட்காது. நகராட்சி அலுவலகம் பக்கத்தில் இருக்கும். ஆனால் மாநகராட்சியை விட நகராட்சியிடம் பணம் குறைவு. ஆகவே இரண்டிலும் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு.

முடிவு செய்வது யார்? மாநில அரசு. ஆனால் ஊரைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது. முதலில் ஒரு முன்னறிவிப்பு வெளியிட வேண்டும். ஃபுர்சுங்கி, உருளி தேவாச்சிக்கு 2023ஆம் ஆண்டு இப்படி ஒரு அறிவிப்பு வந்தது. மக்கள் தங்கள் கருத்தைச் சொல்ல 30 நாட்கள் தந்தார்கள். நகராட்சி வேண்டும் என்றவர்களும் உண்டு. வேண்டாம் என்று ஆட்சேபம் சொன்னவர்களும் உண்டு.

இந்த 30 நாட்கள் மிகவும் முக்கியம். அறிவிப்பு மராத்தியில் இருக்கும். படிக்கத் தெரிந்த அண்டை வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மனு எழுதுங்கள். பெயர், முகவரி, உங்கள் கருத்து, அதற்கான காரணம் இவை போதும். கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகலில் அலுவலக முத்திரை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாயால் சொன்ன ஆட்சேபம் காற்றோடு போகும். எழுதிக் கொடுத்தது கோப்பில் இருக்கும்.

கலந்து பேசுவோம்:

1. உங்கள் வார்டு உறுப்பினர் யார்?
2. உங்கள் சொந்த ஊர் பஞ்சாயத்தா, நகராட்சியா?
3. உங்கள் ஊரை நகரத்தோடு சேர்த்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? எதை இழப்பீர்கள்?