கீக்கும் நேர்டும்

ஐக்கிய அமெரிக்கப் பாடசாலைகளிலே, கல்வியில் ஆழ்ந்து கேளிக்கையிற் பின்னிற்கும் மாணவனை எள்ளுதற்குச் சகமாணவர் வழங்கிவந்த சொற்கள் இரண்டு. ஒன்று 'கீக்', மற்றையது 'நேர்ட்'. இவற்றை ஒருபொருள் குறித்த சொற்கள் எனக் கொள்வாரும் உளர். வழக்கினை நுணுகி நோக்குவார்க்கு வேறுபாடு புலனாகும்.

'கீக்' என்பது மூடனைக் குறிக்கும் கீழ்ச்செருமானியச் சொல்லின் வழிவந்தது என்பர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, ஊர்தோறுஞ் சென்ற களியாட்டுக் காட்சிகளில், உயிருள்ள கோழியின் தலையைக் கடித்துத் துண்டித்துப் பிழைத்தவனுக்கு இது பெயராயிற்று. வில்லியம் லின்சே கிரெசம் 1946 இல் வெளியிட்ட 'நைற்மெயர் அலி' என்னும் நாவல் அவ்விழிநிலையைப் பலரும் அறியச் செய்தது. 'நேர்ட்' என்பதோ டொக்டர் சூஸ் 1950 இல் வெளியிட்ட சிறுவர் நூலொன்றிலே கற்பனை விலங்கொன்றின் பெயராக வருகின்றது. மறு ஆண்டிலே, டிற்றொயிற் நகர இளைஞர் சுவையற்றவனை இச்சொல்லாற் சுட்டினர் என 'நியூஸ்வீக்' சஞ்சிகை எழுதிற்று. விலங்கின் பெயரே வசையாயிற்றோ, ஒலியொப்புமை தற்செயலோ என்பது முடிவுறாத வழக்கு.

இன்றைய வழக்கிலே, கீக் ஒரு பொருளின்மேற் பற்றுடையவன். நேர்ட் அறிதலின்மேற் பற்றுடையவன். தொலைநோக்கி வைத்திருக்கும் இரு மாணவரைக் கருதுக. ஒருவன் தொலைநோக்கி வகையனைத்தையும் அறிவான். வில்லைகளைத் தேடிச் சேர்ப்பான். தன்போல்வாரைக் கூட்டி, நள்ளிரவுவரை அவற்றின் பெருமை பேசுவான். மற்றவன் கோளொன்றின் பாதையைக் கணித்துக்கொண்டு இராவுணவையும் மறந்திருப்பான். அருகில் வந்து நின்றவரையும் அறியான். அவர் பேச்சுக்கொடுப்பின் நாணித் தடுமாறுவான். முன்னவனது ஆர்வம் துணையை நாடுகின்றது. பின்னவனுக்குத் துணை வேண்டுவதில்லை. வேண்டினும் அதனைத் தேடும் வகை அறியான். இவ்விரு இயல்பும் ஒருவனிடத்தே கூடுதலும் உண்டு. நம்மவர் கூறும் 'புத்தகப்பூச்சி' நேர்டின் ஒரு பாதியையே தொடும். அவையிலே தடுமாறும் மறுபாதி அச்சொல்லில் இல்லை.

வசை புகழாக மாறியது கணினியின் வரவாலேயாம். 1975 இல் மைக்கிரோசொவ்ற் நிறுவனமும் 1976 இல் அப்பிள் நிறுவனமும் தோன்றின. எள்ளப்பட்ட இயல்பினர் பெருஞ்செல்வராயினர். 1994 இல் மினியாப்பொலிசு நகரிலே கணினி திருத்தும் நிறுவனமொன்று 'கீக் ஸ்குவாட்' எனத் தானே பெயர் சூடிக்கொண்டது. கோழித்தலை கடித்தவன் பெயர் விளம்பரப்பலகை ஏறிற்று!

எனினும், இம்மதிப்பு அறிவுக்கு வந்ததன்று. அறிவு ஈட்டிய பொருளுக்கு வந்தது. அதனாலேதான் கீக் எளிதில் உயர்ந்தான். நேர்டின் உயர்வு அரைகுறையாயிற்று. இலத்தீன் இலக்கணத்திலோ பாசியினங்களின் பாகுபாட்டிலோ தன்னை மறந்த மாணவன் பாடசாலை உணவுக்கூடத்திலே தனித்திருக்கையில், அச்சொல் இன்னும் பழைய பொருளோடுதான் அவன் காதில் விழுகின்றது.