பிள்ளைக்குக் கால் ஒடிந்தால் நாட்டுக் கட்டுப் போட ஓடாதீர்கள்

கோடை விடுமுறை வந்தால் எங்கள் எலும்புப் பிரிவில் சிறுவர் கூட்டம். மாமரம், மொட்டைமாடி, அப்பாவின் பைக் என்று காரணம் பல. விழுவது பிள்ளைகளின் இயல்பு. பத்து நாள் கழித்து, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய கட்டோடு அழைத்து வருகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இறுக்கிய கட்டு

ஒடிந்த இடம் முதலில் வீங்கும். கட்டு இறுகியிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, தசைக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். பிறகு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடலாம். அழுகிப்போனால் கையையோ காலையோ எடுக்க வேண்டிவரும். எண்ணெய் போட்டு நீவினால் வீக்கம் கூடும். கட்டில் பூசும் முட்டையும் உளுந்துமாவும் எலும்பை நேராக்காது. அலறும் பிள்ளைக்குக் கடையில் வாங்கிய வலி மாத்திரை கொடுத்துத் தூங்கவைக்கிறீர்கள். ஆபத்தைச் சொல்லும் குரலையே அடக்கிவிடுகிறீர்கள்.

கம்பி என்றதும் வரும் பயங்கள்

ஒடிந்த எலும்பை உள்ளே கம்பி வைத்துச் சேர்க்கலாம் என்றதும் பெற்றோர் சொல்லும் பயங்கள் இவை.

‘கம்பி வைத்தால் வளர்ச்சி நின்றுவிடும்.’ நிற்காது. பிரான்சின் நான்சி நகர மருத்துவர்கள் 1980 வாக்கில் வளர்த்தெடுத்த முறையில்தான் கம்பி வைக்கிறோம். வளையும் டைட்டானியக் கம்பிகள் இரண்டை, எலும்பு நீளக் காரணமான வளர்ச்சித் தட்டைத் தொடாமல் ஒதுங்கி, எலும்பின் உள்குழிக்குள் செலுத்துகிறோம். உள்ளே இரண்டும் எதிரெதிராக வில்போல் வளைந்து எலும்பைத் தாங்கும்.

‘பெரிதாகக் கிழிப்பார்கள்.’ பெரும்பாலும் இரண்டு சிறு கீறல்கள் போதும்.

‘கம்பி ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கும்.’ எலும்பு கூடியபின், பொதுவாக 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் எடுத்துவிடலாம்.

‘சின்ன எலும்பு, தானே சரியாகும்.’ பாதி உண்மை. சிறிய வளைவு வளர வளர நேராகும். முறுக்கிக் கூடியது நேராகாது.

எல்லோருக்கும் கம்பியா?

இல்லை. முன்கை முறிவுகள் பெரும்பாலும் மாவுக்கட்டிலேயே கூடும். 5 வயதுக்கு உட்பட்டவர்களின் தொடை முறிவும் அப்படியே. தொடை எலும்பு ஒடிந்த பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் கம்பி பெரிதும் உதவும். வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டாம். எடை 50 கிலோவைத் தொட்டால் வேறு வழி யோசிப்போம். முடிவெடுக்கப் பெரும்பாலும் எக்ஸ்ரே போதும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

எலும்பு ஒடிந்தால், அந்த இடத்தின் பக்கத்தில் அட்டையையோ ஸ்கேலையோ வைத்து, துணியால் தளர்வாகக் கட்டி, அன்றே கூட்டி வாருங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம், வழியில் எதுவும் ஊட்டாதீர்கள். நாங்கள் மாவுக்கட்டுப் போட்ட பிறகும் விரல் வெளுத்தாலோ, மரத்துப்போனாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ விடியும்வரை காத்திராதீர்கள். பைக்கின் முன்னால் பிள்ளையை நிற்கவைக்காதீர்கள். மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுங்கள். ஒடிந்த எலும்பை எங்களால் சேர்க்க முடியும். செத்த தசைக்கு உயிர் கொடுக்க முடியாது.