மருந்தும் விளக்கும்

நன்மை தீமைகளைச் சீர்தூக்கும்போது மருந்தையே நாம் பெரிதும் ஐயுறுகிறோம். அபினிலிருந்து பெறப்படும் மோர்பின் நோவைத் தணிக்கும். அளவு மீறின் உயிரையும் போக்கும். ஆகவே அது மருத்துவரின் கட்டளைக்கு அடங்கியது. மின்னொளி எட்டாத காலத்தில் மாத்தளைத் தோட்ட லயங்களில் எரிந்த குப்பி விளக்கையோ ஐயுற்றோர் அரியர். மாணவர் படிக்க ஒளி தந்த அதுவே, சரிந்தால் மண்ணெண்ணெயைச் சிந்திக் குழந்தைகளைச் சுட்டது.

தீப்புண்ணுற்றோர்க்குச் சிகிச்சை செய்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர விளக்கை விலக்கச் சொல்லவில்லை. குட்டையும் கனமும் திருகு மூடியும், சரிந்தாலும் உருளாத தட்டைப் பக்கங்களும் உடைய ‘சுதீப’ விளக்கை அமைத்தார். அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார்.

மருந்துக்கு அளவு காவல். கருவிக்கு அமைப்பே காவல். பழகிய பொருளையும் அதே தராசிலிட்டு நிறுப்பதே அறிவுடைமையாம்.